சமோராவா, லூனாவா?

பள்ளிக்கூடத்தில் அவன் பெயர் லூனா. வீட்டுப் பக்கம் வந்தால் சமோரா. இரண்டும் தான்தான் என்பதில் நிக்கனோருக்குப் பன்னிரண்டு வயது வரை ஒரு குழப்பமும் வந்ததில்லை.

மெக்சிகோவிலிருந்து வந்த அவர்கள் ஜனங்கள் பெயர் வைக்கிற வழக்கம் அது. முதலில் சொந்தப் பெயர். அடுத்து அப்பா வீட்டுப் பெயர். கடைசியில் அம்மா வீட்டுப் பெயர். ஆக, அவன் நிக்கனோர் சமோரா லூனா. பள்ளியில் சேர்த்த அன்று அலுவலகத்து அம்மாள், வெள்ளைக்காரர் வழக்கப்படி, கடைசியில் இருந்ததையே குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டார். லூனா என்று பதிவேட்டில் எழுதிவிட்டார். அப்பா காசிமிரோ சமோரா பக்கத்தில்தான் நின்றார். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு வயலுக்குத் திரும்பிப் போகிற அவசரம்.

கொலராடோவில் அந்தப் பக்கமெல்லாம் சர்க்கரை பீட்ரூட்தான். முழங்கை நீளமே உள்ள களைக்கொத்தியைப் பிடித்துக்கொண்டு, நாள் முழுக்கக் குனிந்தபடி, நெருங்கி முளைத்த செடிகளைக் கலைத்துவிட வேண்டும். நிமிர்ந்தால் மேஸ்திரி பார்ப்பார். நிக்கனோர் ஆறு வயதில் குனிந்தவன். ஆள் சிறிசு. ஆனால் கழுத்தும் முதுகும் காய்ந்த கட்டை மாதிரி இறுகிக் கிடந்தன.

அந்தக் கழுத்தைத்தான் லிண்ட் சார் பார்த்தார். அவர் பள்ளியில் மல்யுத்தம் சொல்லிக்கொடுப்பவர். அறுவடைக் காலத்தில் சர்க்கரை ஆலை எடைமேடையில் கூடுதலாக ஒரு வேலையும் பார்த்தார். ஒரு பொடியன், தன் தலையைவிடப் பெரிய கிழங்குகளை வண்டிக்குமேல் வீசிக்கொண்டிருந்ததைக் கண்டு, யார் வண்டி இது என்று சீட்டைப் பார்த்தார். சமோரா என்று இருந்தது. பையனைப் பயிற்சிக்கு வரச் சொன்னார். அன்றிலிருந்து பயிற்சிக் கூடத்தில் நிக்கனோர், சமோரா ஆனான்.

வகுப்பில் லூனா என்றால் கை தூக்குவான். பயிற்சியில் சமோரா என்றால் ஓடிவருவான். இதில் என்ன இருக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. குளிர்காலத்தில் வயலில் வேலை கிடையாது. அப்பா ஒரு பண்ணையில் மாடு கறந்தார். சாயந்திரக் கறவையில் ஆறு மாடு நிக்கனோர் பங்கு. மல்யுத்தப் பயிற்சியும் சாயந்திரம்தான். இரண்டு மாதமாக அவன் பங்கையும் சேர்த்து அப்பாவே கறந்தார். விரல் வீங்கியது. வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருப்பதுதான் நிக்கனோருக்குப் பயம்.

அப்பாவுக்கு மல்யுத்தம் என்றாலே ஆகாது. அதற்கு ஒரு கதை உண்டு. மெக்சிகோவில் அவர் சின்னப் பையனாக இருந்தபோது ஊருக்கு ஒரு கூடாரக் காட்சி வந்தது. முகமூடி போட்ட கெட்டவன், நல்லவனை நாற்காலியால் அடித்தான். நல்லவன் முகமெல்லாம் ரத்தம். காசிமிரோ அழுதுகொண்டே கூடாரத்தின் பின்பக்கம் போனார். அங்கே இரண்டு பேரும் ஒரே தட்டில் பீன்ஸ் தின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ரத்தம், தக்காளிச் சாறு. அன்று அழுத அழுகையை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

பிப்ரவரியில், ஐம்பதாம் வருஷம், பக்கத்து ஊர்ப் பெரிய பள்ளியில் பந்தயம் என்று தெரிந்ததும் அப்பா தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"ஒரு நாள் வந்து பாக்குறேன். நெஜமா இருந்தா நீ போ, மாட்டை நான் பாத்துக்குறேன். பேசி வெச்ச சண்டையா இருந்தா, திங்கக்கெழமை சாயந்திரம் நீ மாட்டுக்கொட்டாய்ல இருக்கணும்."

"நெஜம்தான்ப்பா."

"அதை நான் சொல்லணும்."

சனிக்கிழமை காலை லாரியின் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு குடும்பமும் ஏறிக்கொண்டது. இடது பக்கம் சமோரா வீட்டார். வலது பக்கம் லூனா வீட்டார். போன ஞானஸ்நான விருந்தில் யார் ஆடு கொடுத்தது என்பதில் அவர்களுக்குள் ஒரு மனத்தாங்கல். நடுவில் அம்மா, மடியில் ரொட்டிச் சுருள் மூட்டையோடு. எடை பார்த்து முடிகிறவரை நிக்கனோருக்கு ஒரு வாய்கூடக் கிடையாது. மூட்டையிலிருந்து வந்த பீன்ஸ் மசியல் வாசனை அவனை ஊர் வரைக்கும் அடித்துக்கொண்டே வந்தது.

வழியெல்லாம் ஒக்தாவியோ மாமாதான் பேசினார். அம்மாவின் அண்ணன். ரேடியோவில் மல்யுத்தம் கேட்டுக் கேட்டுக் கரை கண்டவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். பந்தயம் என்றால் மூன்று ஆட்டம், அதில் இரண்டு வென்றவன்தான் வென்றவன், உலகம் பூராவும் இதுதான் சட்டம் என்றார்.

லிண்ட் சார் அப்படி ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லையே என்று நிக்கனோர் இழுத்தான்.

"அவரு பயிற்சிதானடா குடுத்தாரு. இது பந்தயம்," என்றார் மாமா.

எடை பார்க்கும் அறையில் எண்பது பவுண்டுக்காரர்களை வரிசையில் நிற்க வைத்தார்கள். குமாஸ்தா தாளைப் பார்த்து, சமோரா என்றார். நிக்கனோர் ஏறி நின்றான். எழுபத்தொன்பது. இறங்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தபோது, லூனா என்றார். பழக்க தோஷம், கை தானாகத் தூக்கிவிட்டது. மறுபடி ஏறச் சொன்னார்கள். எழுபத்தொன்பது. குமாஸ்தா தலை நிமிரவே இல்லை.

நிக்கனோர் யோசித்தான். ஆலையில் பீட்ரூட் வண்டியையும் இரண்டு முறைதான் நிறுப்பார்கள். சுமையோடு ஒரு முறை, இறக்கிவிட்டு ஒரு முறை. இங்கேயும் அப்படித்தான் போலிருக்கிறது. ஆனால் நடுவில் தான் எதை இறக்கியிருக்க வேண்டும் என்பதுதான் அவனுக்கு விளங்கவில்லை.

வெளியே வந்தபோது வில்மர் கெஸ்லர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அவனும் எண்பது பவுண்டு. எட்டாம் வகுப்பு. அவன் வீட்டாரும் பீட்ரூட் வயல்காரர்கள்தான், ஜெர்மன் பேசுகிறவர்கள். பயிற்சியில் இவனுக்கு ஜோடி அவன். ஒரு நாள் இவன் கை மேலே இருக்கும், மறுநாள் அவன் கை.

வில்மரின் காலணிகள் காலில் இல்லை. நாடாவை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான்.

"என் பேரு தாள்ல இல்லையாம். ஒரு எடையில ஒரு பள்ளிக்கு ரெண்டு பேருதான். நம்ம பள்ளிக்கு ரெண்டும் ஆயிடுச்சாம்."

"லிண்ட் சார் கேக்கலியா?"

"அவருக்கு இன்னும் பத்துப் பேரு இருக்கான். அப்புறம் பாக்கலாம், போய் உக்காருன்னாரு." வில்மர் வயிற்றைத் தடவினான். "நேத்து மத்தியானத்துலேர்ந்து நான் சாப்பிடல."

கூடத்தில் இரண்டு மெத்தைகள் விரித்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி நடுவர், கணக்கு எழுதத் தனி மேசை. சமோரா வீட்டார் ஒரு பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். அதனாலேயே லூனா வீட்டார் எதிர்ப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். அம்மா எந்தப் பக்கம் என்று தெரியாமல் நடுவில் நின்று, கடைசியில் மூட்டையோடு அப்பா பக்கத்தில் போய் அமர்ந்தாள்.

முதல் மெத்தையில் சமோரா என்று கூப்பிட்டார்கள். எதிரே சிவப்பு பனியன் பையன், இவனைவிட அரை சாண் உயரம். விசில் ஊதியதும் அவன் மேலிருந்து பாய்ந்தான். குனிவது நிக்கனோரின் பரம்பரைத் தொழில். அடியில் நுழைந்து, முழங்காலைக் கட்டிப் பிடித்து, மூட்டையைப் போல் சாய்த்தான். இரண்டு தோள்பட்டையும் மெத்தையில் அழுந்தின. வெற்றி என்று நடுவர் உள்ளங்கையால் தரையைத் தட்டினார். ஒன்றரை நிமிஷம்கூட ஆகவில்லை.

சமோரா பக்கம் கூரை பறந்தது. லூனா பக்கம் மரியாதைக்குக் கை தட்டினார்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது மெத்தையிலிருந்து, லூனா, லூனா என்று மைக்கில் குரல் வந்தது. நிக்கனோர் விழித்தான். இப்போதுதானே ஆடினோம். எதிர்ப் படிக்கட்டிலிருந்து ஒக்தாவியோ மாமா இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். இரண்டாவது ஆட்டம்.

ஓஹோ, மாமா சொன்னது நிஜம்தான் போலிருக்கிறது என்று நிக்கனோர் ஓடினான். ஆனால் அங்கே நின்றவன் சிவப்பு பனியன் இல்லை. பச்சை பனியன். முகமும் வேறு.

"ஆளை மாத்திட்டானுங்க," என்று மாமா படிக்கட்டிலிருந்து கத்தினார். அவர்கள் பாஷை நடுவருக்குத் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

அப்பாவின் புருவம் இறங்கியது. களைத்தவன் மேல் புது ஆளை விடுகிறார்கள் என்றால், உள்ளே யாரோ ஏதோ பேசி வைத்திருக்கிறார்கள்.

பச்சை பனியன் லேசில் விழவில்லை. ஆட்டத்தின் ஆறு நிமிஷமும் ஓடியது. புள்ளிக் கணக்கில் நிக்கனோர் ஜெயித்தான். நடுவர் அவன் கையைத் தூக்கி, லூனா என்றார். இந்த முறை லூனா பக்கம் கூரை பறந்தது. சமோரா பக்கம் மரியாதைக்குத் தட்டினார்கள்.

இரண்டு வென்றாயிற்று. பந்தயம் முடிந்தது என்று நிக்கனோர் காலணி நாடாவை அவிழ்த்தான். ஒரு ரொட்டிச் சுருளை வாங்கி வாயில் வைத்தான். முதல் கடியிலேயே மைக் அலறியது. சமோரா.

அவன் மென்றபடியே லிண்ட் சாரைத் தேடி ஓடினான். அவர் முதல் மெத்தை ஓரத்தில் மண்டியிட்டு, ஒரு குண்டுப் பையனுக்குத் தொண்டை கிழியக் கால் பிடி சொல்லிக்கொண்டிருந்தார். சார், எனக்குத்தான் ரெண்டு முடிஞ்சுதே என்று நிக்கனோர் ஆரம்பித்தான். அவர் திரும்பாமலே பின்னால் கையை ஆட்டினார். போ, போ.

போனான். ஜெயித்தான். தண்ணீர் குடித்தான். லூனா என்றார்கள். போனான். இந்தத் தடவை எதிராளி காதைத் தேய்த்து எடுத்துவிட்டான். கடைசி நொடியில் ஒரு புள்ளி கிடைத்தது. எது முதல் ஆட்டம், எது இரண்டாவது, எதில் தான் ஜெயித்தோம், எதற்கு இன்னும் ஆடுகிறோம், ஒன்றும் தெரியவில்லை. மாமாவைப் பார்த்தான். மாமா விரல்களை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கணக்கு உதைத்தது.

வில்மர் சுவரோரம் நின்று அங்கே ஒட்டியிருந்த பெரிய தாளைப் படித்துக்கொண்டிருந்தான். யார் யாரோடு ஆடுகிறார்கள் என்று கோடு கோடாகப் போட்ட தாள்.

"நீ இறுதிக்கு வந்துட்ட. கில்லாடிடா," என்றான் வில்மர். அவன் குரலில் சந்தோஷமும் இருந்தது, அதைவிட அதிகமாகப் பசியும் இருந்தது. "உன்னோட மோதப் போறவனும் நம்ம பள்ளிதான். லூனாவாம். ஆட்டம் பாக்கப் பிடிக்காம நான் வெளியவே இருந்துட்டேன், அப்படி ஒருத்தனைப் பாத்ததே இல்ல. உங்க ஆளுங்கதானே, உனக்குத் தெரியுமா?"

நிக்கனோர் தாளைப் பார்த்தான். மேல் பாதியில் சமோரா, வென்று வென்று நடுக்கோட்டுக்கு வந்திருந்தான். கீழ்ப் பாதியில் லூனா, அவனும் வென்று வென்று நடுக்கோட்டுக்கு வந்திருந்தான். இரண்டு கோடும் ஒரு கட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றன.

எடைக் குமாஸ்தா, சிவப்பு பனியன், பச்சை பனியன், எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து தலையில் உட்கார்ந்தன. கறுத்த முடி, பள்ளியின் நீல பனியன், சமோரா, லூனா. இந்த மேசைக்காரர்கள் கண்ணுக்கு அவர்கள் ஜனங்கள் எல்லாருக்கும் ஒரே முகம். ஒருவர்கூட உற்றுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் காலையிலேயே தெரிந்திருக்கும்.

"எனக்குத் தெரியும்," என்றான் மெதுவாக.

சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தான். ஒரு நிமிஷம் முழுக்க யோசித்தான். மெத்தையில் போய் நின்றால் போதும். லூனா வரமாட்டான். சமோராவுக்கு முதல் பரிசு. லூனாவுக்கு இரண்டாம் பரிசு. ஒரு பதக்கம் அப்பா வீட்டுக்கு, ஒன்று அம்மா வீட்டுக்கு. ஆட்டுச் சண்டைகூடத் தீர்ந்துவிடும்.

வில்மர் கழுத்தில் காலணிகள் ஆடிக்கொண்டிருந்தன. தாளில் லூனா உட்கார்ந்திருந்த இடம் அவனுடையது.

அதற்குள் மைக்கில் அறிவித்துவிட்டார்கள். எண்பது பவுண்டு இறுதிப் போட்டி. சமோரா, லூனா.

லூனா வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நம்ம வீட்டிலிருந்து யார் ஆடப்போகிறது என்று ஒரு சித்தி கேட்டாள். அம்மா எழுந்து நின்று தன் அண்ணன் பிள்ளைகளை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தாள். எல்லாரும் உட்கார்ந்துதான் இருந்தார்கள்.

அப்பா படி இறங்கி மெத்தை ஓரம் வந்தார்.

"யாருடா அந்த லூனா?"

"நான்தான்ப்பா."

"அப்ப சமோரா?"

"அதுவும் நான்தான்."

அப்பா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மெத்தையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"ஆக, ஜெயிக்கிறவனும் நீ, தோக்குறவனும் நீ. அந்தக் கூடாரக்காரனுங்ககூட ரெண்டு ஆளு வெச்சிருந்தானுங்க." தொப்பியை மறுபடி மாட்டினார். "நான் லாரியைக் கெளப்பச் சொல்றேன். உங்க அம்மாவைக் கூட்டிட்டு வா."

"எனக்கே இப்பதான்ப்பா தெரியும்."

அவர் நடந்துவிட்டார்.

நிக்கனோர் நேராக நடுவரிடம் போனான். நடுவர் மெத்தையின் நடுவில் நின்று, இன்னொரு பையன் எங்கே என்று மேசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு பையன் இல்லை, அவனும் நான்தான் என்று நிக்கனோர் சொன்னான். நடுவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னான். அப்பா பெயர் இது, அம்மா பெயர் இது, எங்களில் இரண்டையும் வைப்பார்கள், காலையிலிருந்து நான் இரண்டு பேராக ஆடிக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியாது, மன்னியுங்கள் என்றான். நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவன் முகத்தை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார்.

மேசைக்காரர்கள் கூடினார்கள். லிண்ட் சார் ஓடிவந்தார். அவர் எழுதிக்கொடுத்த பட்டியலில் சமோரா, கெஸ்லர் என்றுதான் இருந்ததாம். தட்டச்சு செய்த அலுவலகத்து அம்மாள், தினமும் பயிற்சிக்குத் தங்குகிற லூனாவை ஆசிரியர் மறந்துவிட்டார் போலும் என்று நினைத்து, அவனைச் சேர்த்து, இடம் போதாமல் கெஸ்லரை எடுத்துவிட்டிருக்க வேண்டும். லிண்ட் சாரோ, லூனா என்பது தலைமையாசிரியர் சேர்த்த யாரோ ஒரு பையன் என்று இருந்துவிட்டார். அவர் கழுத்தெல்லாம் சிவந்துபோனது.

சட்டப்படி பார்த்தால், லூனாவிடம் கடைசியாகத் தோற்ற பையன்தான் இறுதிக்கு வரவேண்டும். ஆனால் பனி கொட்டத் தொடங்கியதால் அந்தப் பள்ளியின் பேருந்து புறப்பட்டுப் போய்விட்டது. லூனாவின் பெயரை அடித்துவிட்டார்கள். எதிரில் ஆள் இல்லை. சமோராவுக்கே முதல் பரிசு என்று பதக்கத்தை எடுத்து நிக்கனோர் கையில் வைத்து, அடுத்த எடைக்காரர்களைக் கூப்பிடப் போனார் நடுவர்.

நிக்கனோர் திரும்பிப் பார்த்தான். அப்பா வாசல் கதவருகே கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், எனக்கு ஒரு ஆட்டம் வேணும்."

"யாரோட?"

"அந்தா நிக்கிறானே, வில்மர். அவன் எடத்துலதான் நான் ஆடினேன்."

"முடிவு எழுதியாச்சு, தம்பி. இனிமே ஆடுனா கணக்குல வராது."

"வராட்டிப் போகுது சார். அவன் நேத்துலேர்ந்து பட்டினி கெடந்து வந்திருக்கான்."

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் எட்டு எடைப்பிரிவு பாக்கி. லிண்ட் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, மூன்றே நிமிஷம் என்று கேட்டார். அவர் யாரிடமும் கெஞ்சி நிக்கனோர் பார்த்ததில்லை.

"மூணு நிமிஷம். அதுக்குமேல ஒரு நொடி கெடையாது," என்றார் நடுவர்.

"அப்பா," என்று நிக்கனோர் கூப்பிட்டான். கூடம் முழுக்கக் கேட்டது. "மூணு நிமிஷம்ப்பா."

அப்பா கதவில் கை வைத்தபடியே நின்றார். உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை.

வில்மர் காலணி நாடாவின் முடிச்சை அவிழ்க்கப் பட்ட அவசரத்தில் அது இன்னும் இறுகியது. கடைசியில் பல்லால் கடித்து அவிழ்த்தான். விசில் ஊதியதும், காலையிலிருந்து சேர்த்து வைத்த அத்தனை கோபத்தோடும் பாய்ந்து வந்தான். நிக்கனோர் குனிந்து கால்களை வாரினான். இரண்டு புள்ளி. சமோரா வீட்டாரும் லூனா வீட்டாரும் முதல்முறையாகச் சேர்ந்து கத்தினார்கள். எந்தப் பெயரைக் கத்துவது என்று தெரியாமல், வீட்டுச் செல்லப் பெயரால் நிக்கோ, நிக்கோ என்றார்கள்.

ஆனால் அது ஐந்தாவது ஆட்டம். கையில் பிடி நிற்கவில்லை. வில்மர் ஈரச் சோப்பு மாதிரி நழுவி மேலே வந்தான். ஒரு கை கழுத்தைச் சுற்றியது, ஒரு கை முழங்காலைச் சுற்றியது, இரண்டு கையும் கோத்துக்கொண்டன. தொட்டிலில் போட்ட குழந்தையைப் போல நிக்கனோர் சுருண்டான். மூக்கு முழங்காலில் இடித்தது. உதைத்தான், திமிறினான், கழுத்தால் எம்பினான். பீட்ரூட் வயலில் ஆறு வருஷம் வளர்த்த கழுத்து. அது இரண்டு முறை எம்பியது. மூன்றாவது முறை எம்பவில்லை. தோள்பட்டை இரண்டும் மெத்தையைத் தொட்டன.

நடுவரின் கை தரையில் அறைந்த சத்தம் கூடத்தின் மூலை வரை போனது.

ஒக்தாவியோ மாமா மட்டும் விரலைத் தூக்கி, இன்னும் ரெண்டு ஆட்டம் இருக்கு என்றார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வில்மர்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். அவன் கையை உயர்த்த நடுவர் வரவில்லை, கணக்கில் வராத ஆட்டம் அது. நிக்கனோரே அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினான். அதுவும் பாதி வரைதான் போனது. அவ்வளவுதான் தெம்பு.

அப்பா கதவை விட்டு வந்தார். நிக்கனோர் தலையைக் குனிந்துகொண்டான். திங்கட்கிழமை. ஆறு மாடு. எல்லார் முன்னாலும் மல்லாந்து விழுந்ததை அவர் பார்த்துவிட்டார்.

அப்பா அவன் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார். சிவந்த காதைத் திருப்பிப் பார்த்தார். கழுத்தில் வில்மரின் கை பதிந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"வலிக்குதா?"

"ரொம்ப வலிக்குதுப்பா."

அப்பா விரலைத் தன் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். தக்காளி வாசனை இல்லை. வெறும் வியர்வை.

"மொதப் பரிசைக் கையில வாங்கிட்டு வந்து, எவனாவது பேசி வெச்சுத் தோப்பானா?" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. பிறகு வில்மரைப் பார்த்தார். அவனுடைய கைகளையும் புரட்டிப் பார்த்தார். களைக்கொத்திக் காய்ப்பு எங்கே இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அங்கேதான் இருந்தது.

"உன் மாட்டையும் நானே கறந்துக்குறேன். பயிற்சிக்குப் போ," என்றார் மகனிடம். "அந்தப் பிடிக்கு மாத்துப் பிடி என்னன்னு அந்த வாத்தியாரைக் கேளு. அது தெரியாம இன்னொரு தடவை என்னைக் கூட்டிட்டு வராதே."

வில்மர் வீடு போகிற வழியில்தான் இருந்தது. அவனையும் லாரியில் ஏற்றிக்கொண்டார்கள். அம்மா மூட்டையை அவிழ்த்து அவன் மடியில் வைத்தாள். அவன் நான்கு சுருளை மெல்லாமலே விழுங்கினான். ஐந்தாவதை எடுக்கக் கை நீட்டி, வெட்கப்பட்டு இழுத்துக்கொண்டான். அந்த ஒன்றுதான் பாக்கி. அதை அப்பா எடுத்துக்கொண்டார்.

லாரி பனியில் மெல்ல ஊர்ந்தது. சமோரா வீட்டாரும் லூனா வீட்டாரும் எவ்வளவு பேசியும் ஒரு விஷயம் தீரவில்லை. பதக்கம் இங்கே இருக்கிறது, முதுகோ மெத்தையைத் தொட்டது. அப்படியானால் நடந்தது என்ன. யாராவது தெளிவாகச் சொல்லுங்களேன் என்றார் ஒக்தாவியோ மாமா.

"இதுல என்ன கொழப்பம்," என்றார் அப்பா, சுருளைக் கடிக்கப் போனவர். "ஜெயிச்சது சமோரா. தோத்தது லூனா."

லாரியின் வலது பக்கம் முழுக்கக் கொதித்து எழுந்தது. அம்மா கையை நீட்டினாள். அப்பாவின் வாய்க்கருகே போன சுருளை வெடுக்கென்று பிடுங்கி, வில்மரின் கையில் திணித்தாள்.

எதற்காக என்று வில்மருக்குக் கடைசி வரை புரியவில்லை. ஆனாலும் தின்றுவிட்டான்.